உப்புப் பிடித்த ஹீட்டரும் கை நனைக்க வந்த சம்பந்தியும்

கோத்தகிரியிலிருந்து கீழே இறங்கும் ரோட்டில், மாடியில் ஒரே ஓர் அறை மட்டும் கட்டிய வீடு ஒன்று உண்டு. அதில் ஏகாம்பரம், கோதண்டம், தாமோதரன் என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் கல்யாணமாகவில்லை. மூவருமே நல்லவர்கள். யார் எது சொன்னாலும் தட்டமாட்டார்கள், சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களுடைய கஷ்டமெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

மூத்தவர் ஏகாம்பரம் முப்பத்தொரு வயதில் அன்னூருக்குப் பெண் பார்க்கப் போனார். பஜ்ஜி சாப்பிட்டார், காபி குடித்தார். பெண்ணின் அப்பா, "யோசிச்சுச் சொல்றோமுங்க" என்று கும்பிட்டு அனுப்பினார். அது நடந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஏகாம்பரம் அதற்குப் பிறகு வேறு பெண்ணை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போது இவர் அவசரப்படுவது மரியாதை இல்லையாம்.

நடுவில் உள்ள கோதண்டம் தேயிலை பாக்டரியில் இலை எடை போடுகிறவர். கணக்கில் புலி என்று அந்த வீட்டுக்குள் பெயர். அவர் பார்த்த பெண், "நான் மேல படிக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கோதண்டம் அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டார். மாடியில் ஓர் அறை எழுப்பி, மேசை போட்டு, விளக்குப் போட்டு, பக்கத்தில் பாத்ரூமும் கட்டிவிட்டு, "மேலே எல்லாம் தயார், வந்து படிக்கலாம்" என்று கடிதம் போட்டார். பதில் வரவில்லை. படிப்பு மும்முரமாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஆக, மிச்சமிருந்தது கடைக்குட்டி தாமோதரன் ஒருவன்தான். அவனுக்கே முப்பத்தெட்டு.

அவனுக்குத் தரகர் ராக்கியண்ணன் ஒரு போட்டோ கொண்டுவந்து கொடுத்திருந்தார். காரமடைப் பெண், பெயர் கனகவல்லி, தையல் வகுப்பு நடத்துகிறவள். வெயிலுக்கு ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற போட்டோ. அதைப் பார்த்த நாள் முதல் தாமோதரன் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான். சந்தோஷம் வந்தால் அவனுக்குப் பசிக்கும். இந்தப் பெண் கிடைக்காமல் போனால் மிச்ச ஆயுசும் இந்த இரண்டு அண்ணன்களோடுதான் என்று நினைத்தபோது மட்டும் பாதித் தோசையோடு எழுந்துவிட்டான். முட்டாளுக்கும் பயம் வரும், நியாயமான பயமாகவும் இருக்கும்.

மார்கழி மாதம் ஒரு திங்கட்கிழமை ராக்கியண்ணன் போன் செய்தார்.

"தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பார்க்க வர்றாங்க. உங்க வீட்டுல ஹீட்டரெல்லாம் இருக்குதுன்னு பெருமையாச் சொல்லி வெச்சிருக்கறேன். ஒண்ணே ஒண்ணு கவனம் வெச்சுக்குங்க. அவங்க உங்க வீட்டுல கை நனைச்சுட்டாங்கன்னா கல்யாணம் முடிஞ்ச மாதிரி. நனைக்காமப் போயிட்டாங்கன்னா, அவ்வளவுதான், வேற எடம் பார்க்க வேண்டியதுதான்."

சம்பந்தம் செய்ய விருப்பமில்லாத வீட்டில் யாரும் ஒரு வாய் சோறு சாப்பிடமாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். கை நனைப்பது என்று அதைத்தான் சொல்வார்கள். தமிழ் பேசுகிற எல்லோருக்கும் இது தெரியும். மூன்று பேருக்குத் தெரியாது. அந்த மூன்று பேரும் அன்று மாலை பாயை விரித்து உட்கார்ந்து ஆலோசனை செய்தார்கள்.

"ஒரு கையா, ரெண்டு கையுமா?" என்று ஆரம்பித்தார் ஏகாம்பரம்.

"ரெண்டுமே நனைச்சாத்தான் நல்லதுங்கண்ணா. நாளைக்கு ஒருத்தர் மாத்திப் பேசக்கூடாது பாருங்க" என்றார் கோதண்டம்.

"மணிக்கட்டு வரைக்குமா, முழங்கை வரைக்குமா?"

"அதைத் தரகர் சொல்லல. நாம முழங்கை வரைக்கும் ஏற்பாடு பண்ணிக்குவோம்."

தாமோதரன் மெதுவாகக் கையைத் தூக்கினான். "மார்கழிக் குளுருங்கண்ணா. தண்ணி விரலையே கடிச்சுப்போடுது. பச்சைத் தண்ணியில அவங்க எப்படிங்க கை நனைப்பாங்க?"

அண்ணன்கள் இருவரும் தம்பியின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். தம்பிக்கு இவ்வளவு அறிவு இருப்பது அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. வெந்நீர் இல்லையென்றால் கல்யாணம் இல்லை. அடுப்பில் குண்டா வைத்துக் காய்ச்சிவிடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. ஹீட்டர் இருக்கிற வீடு என்று தரகர் சொல்லியிருக்கும்போது குண்டாவைக் காட்டினால் பொய் சொன்ன வீடு ஆகிவிடும் என்று ஏகாம்பரம் அதைத் தள்ளுபடி செய்தார்.

ஹீட்டர் இருந்தது. மாடி பாத்ரூமில், பரணுக்கு ஒட்டினாற்போல் சுவரில் மாட்டியிருந்தது. திருப்பூரில் இடித்துக் கட்டின ஒரு லாட்ஜிலிருந்து நாலு மாசத்துக்கு முன்னால் வாங்கி வந்தது. ஆனால் மாட்டிய நாளிலிருந்து ஒரு சொட்டு வெந்நீர் வரவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. லாட்ஜ் மேனேஜர் ஹீட்டரைக் கொடுக்கும்போது, "காலையில ஆறு மணிக்குச் சுவிட்சைப் போடுங்க. இருபது நிமிஷம் கழிச்சுக் குளிங்க. குளிச்சு முடிச்சதும் மறக்காம அணைச்சுருங்க" என்று சொல்லியிருந்தார். கணக்குப் புலி கோதண்டம் அங்கேயே ஆறு மணியிலிருந்து இருபது நிமிஷத்தைக் கழித்துப் பார்த்தார். ஐந்து நாற்பது வந்தது. அன்று முதல் மூவரும் ஐந்து நாற்பதுக்குக் குளித்தார்கள். பல் தந்தியடிக்கக் குளித்து முடித்து, தலை துவட்டி, சரியாக ஆறு மணிக்குச் சுவிட்சைப் போட்டார்கள். அப்போதுதான் குளித்து முடித்தாகிவிட்டதே, உடனே மறக்காமல் அணைத்தும் விடுவார்கள். நாலு மாசமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

"சொன்னதெல்லாம் சொன்னபடி செய்யறோம். அப்பவும் தண்ணி சூடாகலைன்னா கோளாறு ஹீட்டர்லதான்" என்றார் கோதண்டம். அதை யாரும் மறுக்கவில்லை. இதில் கூத்து என்னவென்றால், ஹீட்டர் நிஜமாகவே பழுதாகித்தான் இருந்தது. தப்பான வழியில் போய்ச் சரியான இடத்தில் நின்றது அவர்கள் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

செவ்வாய்க்கிழமை எலக்ட்ரீஷியன் ஜெபராஜ் வந்தார். ஹீட்டரைக் கழற்றித் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, மூடித் திரும்ப மாட்டினார். அவருக்கு இன்னும் நாலு வீட்டு வேலை பாக்கி. படியில் இறங்கிக்கொண்டே சொன்னார்:

"ஹீட்டிங் காயில்ல உப்புப் புடிச்சிருக்குங்க. அதான் தண்ணி காய மாட்டேங்குது. எர்த்தும் இல்ல, எர்த் போடணும். சனிக்கிழமை சாமானோட வந்து பார்த்துத் தர்றேன். நான் வர்ற வரைக்கும் யாரும் அதுல கை வைக்காதீங்க."

பைக் சத்தம் வளைவில் மறைந்ததும் மூவரும் பாயை விரித்தார்கள்.

"ஹீட்டருக்கு உப்புப் புடிச்சிருக்காம்" என்றார் ஏகாம்பரம். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாலு மாசமா நம்ம வீட்டுல இருக்குது. அதுக்கு என்ன புடிக்கும், என்ன புடிக்காதுன்னு ஒரு நாளாவது கேட்டமா?"

"வெறும் உப்பு இல்லீங்கண்ணா. காயில உப்புப் புடிச்சிருக்குதுன்னு சொன்னாரு. காயில போட்டுக் குடுத்தாத்தான் புடிக்கும் போல" என்றார் கோதண்டம்.

"எந்தக் காய்?"

இது பெரிய கேள்வி. கத்திரிக்காய்க்கு ஏகாம்பரம் ஓட்டுப் போட்டார், வெண்டைக்காய்க்குக் கோதண்டம். உப்புப் போட்டுத் தின்னத் தோதானது நெல்லிக்காய்தான் என்று தாமோதரன் சொன்னதும் இருவரும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். எப்படியும் கல்யாணம் அவனுக்குத்தான்.

சின்ன நெல்லிக்காயாகப் பொறுக்கி, கீறி, உப்பில் புரட்டி, மாடிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இன்னொரு சிக்கல். ஹீட்டருக்கு வாய் எது? சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் வெந்நீர்க் குழாயின் வாய் ஒன்றுதான் வாய் என்று சொல்லும்படி இருந்தது. ஆனால் கை வைக்கக்கூடாது. ஆகவே தாமோதரன் ஸ்டூலில் உட்கார்ந்து, வலது கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒவ்வொரு நெல்லிக்காயாக இடுக்கி, குழாய்க்குள் திணித்தான். "சாப்பிடு, கண்ணு" என்று அவன் வாய்விட்டே சொன்னான். பதினொரு காய் போயிற்று. பன்னிரண்டாவது போகவில்லை.

"வயிறு நிறைஞ்சிருச்சு. கட்டாயப்படுத்தாத" என்றார் ஏகாம்பரம்.

அடுத்தது எர்த். இதில் தாமோதரனுக்குக் குழப்பமே இல்லை. அவன் பத்தாவது வரை இங்கிலீஷ் படித்தவன். எர்த் என்றால் பூமி, பூமி என்றால் மண். தோட்டத்திலிருந்து நல்ல செம்மண்ணாக ஒரு மூட்டை கட்டிக் கொண்டுவந்தார்கள். மூட்டையைப் பரணில் ஏற்றி, கோதண்டமும் கூட ஏறி, கை படாமல் இரண்டு காலாலும் உதைத்து உதைத்து அதை ஹீட்டரின் தலைமேல் உட்காரவைத்தார். சுவரில் இருந்த போல்ட்டுகள் நறநறவென்று சத்தம் போட்டன.

"பல்லைக் கடிக்குது. மண் வாசம் சேரல போல" என்றார் கோதண்டம்.

"போகப் போகப் பழகிரும்" என்றார் ஏகாம்பரம்.

சனிக்கிழமை ஜெபராஜ் வரவில்லை. போன்தான் வந்தது. "மரம் விழுந்து ரோடு அடைச்சிருக்குங்க. இன்னிக்கு வர முடியாது. இப்ப தண்ணி காயுதா?"

கோதண்டம் கீழே ஒரு குவளைத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார். "இல்லீங்க, ஈரமாத்தான் இருக்குது."

 ஜெபராஜ், "அவசரம்னா வேற ஆளை வெச்சுப் பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

தாமோதரனைப் பாத்ரூம் ஸ்டூலில் வைத்தார்கள். அண்ணன்கள் இருவரும் வாசலில் நின்று கால் மணி நேரம் அவனைப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வேறு ஆளை வைக்கச் சொன்னார் அல்லவா? அவனை எழுப்பிவிட்டுக் கோதண்டத்தை வைத்துப் பார்த்தார்கள். பிறகு ஏகாம்பரத்தை வைத்துப் பார்த்தார்கள். இருட்டும்வரை ஆளை மாற்றி மாற்றி வைத்தும் ஹீட்டர் அசைந்துகொடுக்கவில்லை. தாமோதரனுக்கு அழுகை முட்டியது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற அந்த முகம் கையை விட்டுப் போகிறது என்று நினைத்தான். அன்றைக்கு அவனுக்குப் பசிக்கவே இல்லை.

"பயப்படாத" என்றார் கோதண்டம். "நாளைக்கு அவங்க பதினோரு மணிக்குக் கை நனைக்கறாங்க. இருபது நிமிஷம் கழிச்சாப் பதினொண்ணு வரணும். அப்போ சுவிட்சைப் பதினொண்ணு இருபதுக்குப் போட்டாச் சரியா இருக்கும். கணக்கு நம்மளைக் கைவிடாது."

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வந்து இறங்கினார்கள். பெண்ணின் அப்பா மாரப்பன், வெளுத்துத் தேய்த்த வேட்டி சட்டை. அம்மா சரசாள், பட்டுப்புடவை. கூடவே ராக்கியண்ணன். மலையேறி வந்ததில் மூவருக்கும் நல்ல பசி. அதைச் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று சிரித்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எல்லாம் நன்றாகவே நடந்தது. தாமோதரன் குனிந்த தலை நிமிராமல் நின்றான். அடக்கமான பையன் என்று மாரப்பனுக்குத் தோன்றியது. மாடி அறையில் மேசையும் விளக்கும் பார்த்துச் சரசாள், "இது யாருக்குங்க?" என்று கேட்டாள்.

"கட்டிக்க வர்ற பொண்ணு மேல படிக்கறதுக்குங்க" என்றார் கோதண்டம்.

சரசாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க கனகாவும் மேல படிக்கணும்னு ஆசைப்படுதுங்க. யாரு இந்தக் காலத்துல இப்படி நெனைக்கறாங்க!" என்று புருஷனைப் பார்த்தாள். புருஷன் தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க, சுத்தி வளைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. வீடும் புடிச்சிருக்குது, மாப்பிள்ளையும் புடிச்சிருக்குது. கை நனைச்சிட்டே போயிரலாமுங்க."

தாமோதரனுக்குக் காது அடைத்துக்கொண்டது. ராக்கியண்ணன் முகமெல்லாம் பல்லாக, "அப்புறமென்ன, எலையைப் போடுங்க" என்றார். அண்ணன் தம்பிகள் மூவரும் அதைக் காதில் வாங்கவில்லை. இலை போட அந்த வீட்டில் எதுவும் இல்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை. மூன்று புதுத் துண்டு மட்டும் மடித்து வைத்திருந்தார்கள்.

"வாங்க சம்பந்தி" என்று ஏகாம்பரம் மாரப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு நடந்தார். சாப்பாட்டுக்கு முன் கை கழுவச் சொல்கிறார்கள் என்று நினைத்து அவரும் போனார். பின்னாலேயே சரசாளையும் ராக்கியண்ணனையும் கோதண்டம் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். மாரப்பன் குழாயைத் திருகக் கையை நீட்டினார்.

"ஐயோ, கை வைக்காதீங்க!" என்று மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

மாரப்பன் துள்ளிவிட்டார். "ஏனுங்க?"

"ஜெபராஜ் வர்ற வரைக்கும் கை வைக்கக்கூடாதுங்க. காலால திருகுங்க" என்றார் ஏகாம்பரம் பணிவாக.

ஜெபராஜ் யார் என்று கேட்க மாரப்பனுக்கு வாய் வந்தது. புதுச் சம்பந்தம், வீட்டுக்கு வீடு ஒரு வழக்கம் இருக்கும் என்று அடக்கிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டி, அறுபத்திரண்டு வயதில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலால் குழாயைத் திருகினார். ஒன்றும் வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் திருகுங்க மாமா" என்றான் தாமோதரன். அவன் மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சொல்லும்போதே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

மாமா இன்னும் கொஞ்சம் திருகினார். ஊன்றியிருந்த கால் வழுக்கியது. விழாமல் இருக்க, கைக்கு எட்டிய ஒரே பொருளை எட்டிப் பிடித்தார். அது ஹீட்டருக்குத் தண்ணீர் வரும் குழாய். ஒரு மூட்டை செம்மண்ணை ஐந்து நாளாகச் சுமந்துகொண்டிருந்த போல்ட்டுகள் அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஹீட்டர் சுவரோடு பெயர்ந்து மூலையில் விழுந்தது. மூட்டை வெடித்தது. பிய்ந்த குழாயிலிருந்து மேல்தொட்டித் தண்ணீர் முழுவதும் மார்கழிக் குளிரோடு பீறிட்டு அடித்தது. மணி அப்போது பதினொன்று பத்து. சுவிட்ச் போட இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருந்தபடியால் யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. கோதண்டத்தின் கணக்கால் உலகத்துக்கு விளைந்த ஒரே நன்மை இதுதான்.

தண்ணீர் நின்றபோது வெள்ளை வேட்டி செம்மண் நிறத்தில் இருந்தது. சரசாள் பட்டுப்புடவையில் அப்பிய மண்ணை வழித்து எறிந்தாள். ராக்கியண்ணனின் மீசை தொங்கியது. மாரப்பனின் தோளில் உப்பு நெல்லிக்காய் ஒன்று உட்கார்ந்திருந்தது.

ஏகாம்பரம் ஒவ்வொரு கையாகத் தொட்டுப் பார்த்து எண்ணினார். "ஆறு கையும் நனைஞ்சிருச்சு! முழங்கைக்கு மேலயே நனைஞ்சிருச்சு! சம்பந்தி!" என்று மாரப்பனைக் கட்டிக்கொண்டார்.

மாரப்பன் அவரைப் பிடித்துத் தள்ளினார். "சம்பந்தியாவது மண்ணாவது! ஒரு வாய் சோத்துக்கு வழியில்ல, வந்தவங்களைக் கூப்பிட்டு மண்ணுல குளிப்பாட்டறீங்க. உங்க சங்காத்தமே வேண்டாம். இன்னியோட உங்களைத் தலை முழுகியாச்சு, போங்கடா!"

ஜீப் உறுமிக்கொண்டு கீழே போயிற்று. ராக்கியண்ணன் தன் துண்டைப் பிழிந்துகொண்டே அதன் பின்னால் ஓடினார்.

 தாமோதரன் ஈரத்தில் நடுங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். "கோபமாப் போறாருங்கண்ணா. கல்யாணம் நின்னு போச்சுங்களா?"

கோதண்டம் கண்ணை மூடி யோசித்தார். விரல் விட்டார். திரும்பவும் விரல் விட்டார்.

"தம்பி, தரகர் என்ன சொன்னாரு? கை நனைச்சாக் கல்யாணம் முடிஞ்ச மாதிரின்னாரு. சம்பந்தி போகும்போது என்ன சொன்னாரு?"

"தலை முழுகியாச்சுன்னாருங்க."

"கை பெருசா, தலை பெருசா?"

தாமோதரன் வாய் பிளந்தான். ஏகாம்பரம் கையெடுத்துக் கும்பிட்டார். "பெரிய மனுசன். கேட்டது கை, குடுத்தது தலை" என்றார். மூவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். தாமோதரனுக்கு இரண்டு நாளில் முதல் தடவையாக அகோரப் பசி எடுத்தது. அடுப்பைப் பற்றவைத்து ஒன்பது தோசை சாப்பிட்டான்.

மறுநாளே பத்திரிகை அடிக்கக் கொடுத்தார்கள். வாசகம் ஏகாம்பரத்துடையது: "காரமடை திரு. மாரப்பன் அவர்கள் மனமுவந்து எங்களைத் தலை முழுகிவிட்டபடியால், அன்னாரின் புதல்வி கனகவல்லிக்கும் எங்கள் தம்பி தாமோதரனுக்கும் தை மாதத்தில் திருமணம் நிச்சயம்." அச்சாபீஸ்காரர் இரண்டு தடவை படித்துவிட்டு, குடும்பத்தைப் பற்றித் தான் எதுவும் கேட்கக்கூடாது என்று அடித்துக் கொடுத்துவிட்டார்.

முதல் பத்திரிகை பெண் வீட்டுக்குத்தான் போகவேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கோடு அதை வைத்துக்கொண்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தாமோதரன் பஸ் ஏறினான். அண்ணன்கள் இருவரும் பஸ் நிறுத்தத்திலேயே காத்திருந்தார்கள்.

சாயங்காலம் இறங்கினான். தட்டைக் காணோம். தலை முதல் கால் வரை தொப்பலாக நனைந்திருந்தான். முகம் மட்டும் அப்படி ஒரு சிரிப்பாக இருந்தது.

"அட, அவங்களும் நனைச்சுட்டாங்களா!" என்றார் ஏகாம்பரம்.

"மாமா திட்டிக்கிட்டே இருந்தாருங்கண்ணா. கனகவல்லிதான் பத்திரிகையைப் படிச்சுச்சு. விறுவிறுன்னு உள்ள போயி, ஒரு வாளி நெறையக் கொண்டாந்து, அது கையாலயே என் தலையில ஊத்துச்சு" என்றான் தாமோதரன், கால் விரலால் ரோட்டைக் கீறிக்கொண்டே.

கோதண்டத்துக்குக் கவலையெல்லாம் தம்பி உடம்பைப் பற்றித்தான். "இந்தக் குளுருலயா? பச்சைத் தண்ணியா?"

"இல்லீங்கண்ணா, நல்ல வெந்நீர்" என்றான் தாமோதரன். "அவங்க வீட்டுல ஹீட்டர் நல்லா வேலை செய்யுதுங்கண்ணா."